படத்தில் உள்ளவர் பிள்ளை பிடிப்பவர் அல்லர்

செங்கால்மேடு,
தஞ்சாவூர் மாவட்டம்.
ஆடி மாதம், திங்கட்கிழமை.

அன்பும் அறிவும் அமெரிக்க வேலையும் ஒருங்கே பெற்ற மாப்பிள்ளை கிளாட்சன் அவர்களுக்கு, மாமனார் அருள்சாமி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் அத்தை விண்ணரசியும் மாதாவின் தயவால் சுகம். உங்கள் சபையில் மாதாவுக்கு அவ்வளவாக இடம் கொடுப்பதில்லை என்பதால், நேரடியாக ஆண்டவர் தயவாலும் சுகம் என்று சேர்த்து வாசித்துக்கொள்ளவும். அவ்விடம் டல்லாஸில் நீங்களும் என் மகள் லின்சியும் பேத்தி ஃபெபியும் சுகமாக இருப்பதை விசாரிக்க வேண்டிய அவசியம் இல்லை. காலையில் நீங்கள் என்ன தின்றீர்கள் என்பது மத்தியானத்துக்குள் எங்கள் தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, வாய்க்காலுக்கு இன்னும் வரவில்லை. நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை. எல்லாரும் வரப்பில் உட்கார்ந்து ஃபோன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நிற்க. சனிக்கிழமை நீங்கள் வீட்டு லேண்ட்லைனில் கூப்பிட்டு, "மாமா, நல்லா இருக்கீங்கதானே? டாக்டர் யாரையாவது பார்த்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். வியாழக்கிழமை நடந்தது உங்களுக்கு எட்டியிருக்காது, முழங்கால் வலியைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்து, நல்லெண்ணெய் தேய்ப்பதைப் பற்றி விரிவாகச் சொன்னேன். நீங்களும் பொறுமையாகக் கேட்டீர்கள். பிறகு லின்சி அவள் அம்மாவிடம் பேசினபோதுதான் தெரிந்தது, உங்கள் தஞ்சாவூர் நண்பர்கள் குரூப்பில் என் படம் வந்திருக்கிறது, அதன் கீழே நான் பிள்ளை பிடிக்கும் கும்பலின் தலைவன் என்று எழுதியிருக்கிறது, நீங்கள் கேட்டது முழங்காலை அல்ல, மூளையை என்று. கவலைக்கு நன்றி. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருப்பவர் நீங்கள். இதில் யார் மேல் தப்பு என்று உங்கள் மெஷின்களிடம் கேட்டாவது சொல்லவும்.

போன கிறிஸ்மஸுக்கு வந்தபோது எனக்கு ஒரு ஃபோன் வாங்கி வந்தீர்கள். கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது, சந்தோஷம். அதில் படம் அனுப்பவும் முகம் பார்த்துப் பேசவும் ஒரு செயலி போட்டுத் தருகிறேன் என்று உட்கார்ந்தீர்கள். "சம்மதிக்கிறேன்" என்று ஒரு பொத்தான் வந்தது. அதற்கு மேலே எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "இதெல்லாம் யாரும் படிக்கமாட்டாங்க மாமா, கண்ணை மூடிக்கிட்டு அழுத்துங்க" என்றீர்கள். நான் பத்திரப்பதிவு ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ரிட்டயர் ஆனவன். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனையோ பேரை, கண் திறந்த பிறகு கோர்ட்டு வாசலில் பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள் விரலைப் பிடித்து நிறுத்தினேன். நீங்கள் சிரித்தீர்கள், லின்சி சிரித்தாள், உங்கள் அத்தை அடுப்படியிலிருந்து வந்து சிரித்தாள். சிரித்த சிரிப்பை அப்படியே படம் எடுத்து நீங்கள் ஊருக்கெல்லாம் போட்டீர்கள். அதில் சிரிக்காமல் நடுவில் உட்கார்ந்திருப்பவன் நான்.

நீங்கள் விமானம் ஏறின பிறகு, அந்தப் பொடி எழுத்து முழுவதையும் கடைத்தெரு இன்டர்நெட் கடையில் காகிதத்தில் எடுத்துத் தரச் சொல்லிப் படித்தேன். ஒரு கல்யாணப் பந்தியில் இலை போடுகிற அளவுக்குக் காகிதம். நான் அனுப்புகிற படங்களைக் கம்பெனியாரும் அவர்களிடமிருந்து வாங்கினவர்களும் உலகத்தின் நான்கெல்லைக்குள் எங்கு வேண்டுமானாலும் ஆண்டு அனுபவித்துக்கொள்ளலாமாம். எனக்குக் கிரயம் எதுவும் கிடையாதாம். பெற்ற பிள்ளைக்கு எழுதுகிற தானப் பத்திரத்தில்கூட "தங்கள் மீதுள்ள அன்பின் காரணமாக" என்று ஒரு வரி இருக்கும். இதில் அதுகூட இல்லை. வழக்கு என்று வந்தால் அமெரிக்காவில் ஏதோ ஒரு ஜில்லாக் கோர்ட்டுக்கு வரவேண்டுமாம். எங்களுக்குத் தஞ்சாவூர் கோர்ட்டுக்கே இரண்டு பஸ் மாறவேண்டும். இதையெல்லாம்கூட சகித்துக்கொண்டேன் மாப்பிள்ளை. ஒரு ஷரத்துதான் என்னைத் தூங்கவிடவில்லை. என் ஃபோனில் இருக்கிற எல்லாருடைய நம்பரையும் கம்பெனிக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் உண்டு என்று நான் உறுதி சொல்ல வேண்டுமாம். எனக்கு ஏது அதிகாரம்? பால்காரர் நம்பர் பால்காரருடையது. அவர் அதைப் பால் விஷயமாகத்தான் என்னிடம் கொடுத்தார்.

ஆகவே முறைப்படி ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்குவது என்று முடிவு செய்தேன். "யாதொரு நிர்ப்பந்தமும் இன்றி, நல்ல நினைவுடன், மனப்பூர்வமாய்ச் சம்மதித்து" என்று நானே ஒரு வாசகம் தயார் செய்து, பிரதிகள் எடுத்து, ஃபைலில் போட்டேன். ஃபைல் மேல் அட்டையில், ராசியாக இருக்கட்டும் என்று, ஃபெபியின் சின்னப் படம் ஒன்றை ஒட்டியிருந்தேன். உங்கள் அத்தை பார்த்துவிட்டு, "உங்க ஃபோன்ல இருக்கறதே பால்காரரு, கேஸ்காரரு, அப்புறம் செத்துப்போன ரெண்டு பேரு. இதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றாள். செத்தவர்கள் விஷயத்தில் வாரிசுகளின் சம்மதம் வேண்டும் என்று விளக்கினேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முதலில் மெடிக்கல் வைத்திருக்கிற மெஹராஜ் பேகம் அம்மாவிடம் போனேன். கூத்தாநல்லூர்க்காரர், உங்கள் அத்தைக்கு பிரஷர் மாத்திரை அவர் கடையில்தான். வாசகத்தை மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு முழுசாகப் படித்தார். அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். படித்துவிட்டு, "அண்ணே, எங்க வீட்டு ஆளுங்க பாதிப்பேரு துபாய்லயும் சிங்கப்பூர்லயும் இருக்காங்க. என் நம்பர் போகாத நாடு இல்ல. நீங்க ஒருத்தர் மட்டும் என் மானத்தைக் காப்பாத்தப் பார்க்கிறீங்க, சந்தோஷம், எங்க போடணும்?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார். எனக்கு உற்சாகமாகிவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

அடுத்து டிராக்டர் துரைராசு. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்த ஆள் ராத்திரியோடு ராத்திரியாகத் திருப்பூருக்கு ஓடிப்போய், அதிலிருந்து காகிதத்தைக் கண்டாலே கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறவர். அது எனக்குத் தெரியாது. நான் ஃபைலைத் திறந்ததும், "என்ன சார் இது?" என்றார். "ஒண்ணுமில்ல துரைராசு, ஒரு சம்மதக் கையெழுத்து" என்றேன். "ஒண்ணுமில்லன்னா கையெழுத்து எதுக்கு சார்?" என்றார். நியாயமான கேள்வி. நான் கம்பெனி, ஷரத்து, நம்பர், அமெரிக்கா என்று ஆதியிலிருந்து ஆரம்பித்தேன். அமெரிக்கா வரும்போது அவர் ஃபோனை எடுத்து, "சார், கொஞ்சம் இப்படித் திரும்புங்க" என்றார். வெளிச்சத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பினேன். படம் எடுத்து அவர்கள் சங்க குரூப்பில் போட்டுவிட்டார். "அருள்சாமி சார் வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கையெழுத்து வாங்குகிறார், விவசாயிகள் யாரும் போட வேண்டாம்" என்று கீழே எழுதினார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் எழுதினதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

பொய் வழியில் ஏறிக்கொண்டது. பக்கத்து ஊர் போகும்போது நான் நிலம் பிடுங்க வந்த போலி அதிகாரி. அதற்கடுத்த ஊரில், ஃபைல் அட்டையில் இருக்கிற ஃபெபி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த ஒரு மகானுபாவர், குழந்தை படத்தைக் காட்டி வசூல் செய்கிறவன் என்று கண்டுபிடித்தார். ஆறு தாண்டுவதற்குள் நான் வடக்கே இருந்து வந்த பிள்ளை பிடிக்கும் கும்பலுக்குத் தலைவன், அட்டையில் இருப்பது கடத்தப்பட்ட குழந்தை. ஆபீசில் எத்தனை மனு போட்டும் வராத பதவி உயர்வு, பஸ் ரூட்டில் மூன்றே நாளில் வந்துவிட்டது.

இது எதுவும் எனக்குத் தெரியாது. என்னிடம்தான் அந்தச் செயலி இல்லையே, உங்கள் அத்தை ஃபோனிலும் குடும்பத்தார் மட்டும்தான். ஊர் முழுக்கத் தெரிந்த ஒரு செய்தி, அதில் சம்பந்தப்பட்டவனுக்கு மட்டும் தெரியவில்லை. வீட்டுக்கு அரசப்பன் என்று ஒருவர் வந்தார், காக்கி போடாத போலீஸ்காரர். மோர் கொடுத்து உட்காரவைத்தோம். "யார் யார்கிட்ட கையெழுத்து வாங்கினீங்க சார், பேரும் நம்பரும் குடுங்க" என்றார். "அவங்க சம்மதம் இல்லாம நான் எப்படித் தரமுடியும்? அதுக்காகத்தானே தம்பி இவ்வளவு அலைச்சலும்" என்றேன். வாசகத்தை வாங்கிப் படித்தார். "சார், இதை நீங்களா எழுதுனீங்க? யாரும் சொல்லிக்குடுக்கலியே?" என்று இரண்டு தடவை கேட்டார். போகும்போது ரிப்போர்ட்டுக்காக என்று என்னை நேராக நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொண்டார். உங்கள் அத்தையிடம் தனியாக, "அய்யாவைக் கொஞ்ச நாள் வெளிய தனியா விடாதீங்கம்மா" என்றாராம். அவள் அதை என் முழங்காலுக்காகச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள். குடும்பத்தோடு எல்லாரும் என் முழங்காலைத்தான் நம்பியிருக்கிறோம்.

வியாழக்கிழமை கும்பகோணம் போனேன். என்னோடு ஆபீசில் இருந்த பஞ்சநதம் அங்கேதான் இருக்கிறார், துரைராசுவை விட்டால் அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அவர் வீட்டில் காப்பி சாப்பிட்டு, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பொண்ணு, இடுப்பில் ஒண்ணு, கையில் ஒண்ணு. கையில் இருந்த பையன் வீரிட்டு அழுதுகொண்டிருந்தான். பையில் கடலை மிட்டாய் இருந்தது, நீட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். எதிரே நின்ற ஒருவன் என்னையும் அவன் ஃபோனையும் மாத்தி மாத்திப் பார்த்தான். "பெருசு, எந்திரி" என்றான். "எதுக்குப்பா?" "இதுல இருக்கறது நீதானே?" காட்டினான். பார்த்தேன், நான்தான். அன்னைக்குப் போட்டிருந்த அதே சட்டைதான் இன்னைக்கும். "ஆமாம், நான்தான்" என்றேன். உண்மையைச் சொல்லியே பழகிப்போச்சு மாப்பிள்ளை.

அப்புறம் எத்தனை பேர் வந்தாங்கன்னு தெரியல. சட்டைக் காலரை ஒருத்தன் பிடிச்சான். ஃபைலை ஒருத்தன் பிடுங்கி, "குழந்தை படம் இருக்கு பாருங்கடா" என்றான். அந்தப் பொண்ணு ரெண்டு பிள்ளையையும் அணைச்சுக்கிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதைத்தான் இன்னும் மறக்க முடியல. "என் பேத்திப்பா, அமெரிக்காவுல இருக்கா" என்றேன். "பேத்தின்னா ஃபோன்ல படம் இருக்கும்ல, காட்டு" என்றான். என் ஃபோனில் ஒரு படமும் கிடையாது. பேத்தி படம் இல்லாத ஃபோன் வைத்திருக்கிற தாத்தா இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தன்தான். அதுவே அவங்களுக்குப் போதுமான சாட்சியமாப் போச்சு. முதல் அடி தோளில் விழுந்தது. மூக்குக்கண்ணாடி கீழே விழுந்து யார் காலிலோ நொறுங்கினது. பயந்துவிட்டேன், ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு. கண்ணாடி இல்லாமல் எல்லா முகமும் ஒரே முகமாகத் தெரிந்தது. இப்படியே சாகப்போகிறோம், விண்ணரசிக்கு இதையும் யாராவது படம் எடுத்துத்தான் அனுப்புவார்கள் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் கூத்தாநல்லூர் பஸ்ஸிலிருந்து மெஹராஜ் பேகம் இறங்கினாங்க. தஞ்சாவூர் பஸ் பிடிக்க வந்தவங்க, கூட்டத்தைப் பிளந்துக்கிட்டு வந்து எனக்கு முன்னால நின்னுட்டாங்க. "யாரை அடிக்கிறீங்க? இவரா பிள்ளை பிடிக்கிறவரு? ஒரு கையெழுத்துக்கு மூணு தடவை படிச்சுக் காட்டுற மனுஷன்யா இவரு. பிள்ளையைப் பிடிக்கணும்னா அந்தப் பிள்ளைகிட்டயே சம்மதம் கேட்டுக்கிட்டு நிப்பாரு, அதுக்குள்ள அது வளர்ந்து காலேஜ் போயிரும்" என்றாங்க. யாரோ சிரிச்சாங்க. காலரைப் பிடிச்ச கை கொஞ்சம் தளர்ந்தது. அப்புறம் அவங்க ஃபோனை எடுத்து, நீங்க கிறிஸ்மஸுக்குப் போட்ட அந்தப் படத்தைத் தேடிக் காட்டினாங்க. எல்லாரும் சிரிக்கிறீங்க, நான் நடுவுல உம்முன்னு இருக்கேன், என் மடியில ஃபெபி. "இதுல இருக்கற மூஞ்சியும் இந்த மூஞ்சியும் ஒண்ணுதானே? அட்டையில இருக்கற குழந்தை இதுதானே?" கூட்டம் படத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, கலைஞ்சது. காலரைப் பிடிச்சவன் ஒரு சோடா வாங்கிக் கொடுத்துட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க அய்யா, ஃபோன்ல வந்துச்சு" என்றான். இன்னொருத்தன் என்னோட நின்னு படம் எடுத்துக்கிட்டான். ஊர் திரும்புகிற பஸ்ஸில் மெஹராஜ் அம்மா என் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நொறுங்கின கண்ணாடிக்கு மாற்று இன்னும் வரவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

"பார்த்தீங்களா மாமா, நான் போட்ட படம்தான் உங்களைக் காப்பாத்துச்சு" என்று நீங்கள் சொல்வீர்கள். அதற்கு முன்கூட்டியே பதில் எழுதிவிடுகிறேன். ஒரு படம் தள்ளிவிட்டது, இன்னொரு படம் தூக்கிவிட்டது. இரண்டுக்கும் என்னை யாரும் கேட்கவில்லை. காப்பாற்றினது படம் அல்ல, கூட்டத்துக்குள் நுழைந்த அந்த அம்மா. படம் மட்டும் தனியாக வந்திருந்தால் அதையும் கடத்தல் கணக்கில்தான் சேர்த்திருப்பார்கள்.

வீடு வந்ததும் படத்தை நீக்கச் சொல்லி முயற்சி செய்தேன். அதையும் கேளுங்கள். யாரோ அதை எல்லாரும் பார்க்கிற ஒரு பக்கத்தில் ஏற்றியிருந்தார்கள். இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து அந்தக் கம்பெனிக்கு மனு அனுப்பினேன். அரை நிமிஷத்தில் பதில் வந்தது. எங்கள் ஆபீசில் அரை நிமிஷத்தில் யாரும் தலையைக்கூட நிமிர்த்தினதில்லை, ஆச்சரியப்பட்டேன். உங்கள் கோரிக்கை எங்களுக்கு மிகவும் முக்கியம், படத்தில் இருப்பது நீங்கள்தான் என்று உறுதி செய்ய, உங்கள் முகத்தை நேராக ஒன்று, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று எடுத்து அனுப்பவும் என்றது. அதாவது என்னிடம் திருடின ஒரு மாட்டைத் திருப்பித் தர, இன்னும் மூன்று மாட்டை ஓட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். கீழே "சம்மதிக்கிறேன்" என்று அதே பொத்தான். எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன் மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் உங்கள் அத்தையின் ஃபோனில் முகம் காட்டிப் பேசும்போது, நான் ஃபிரிஜ்ஜுக்குப் பக்கத்தில், படத்தில் விழாத இடமாகப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். போன வாரம் ஃபெபி, "பாட்டி, தாத்தாவுக்கு மூஞ்சி இல்லையா?" என்று கேட்டாள். நான் ஃபிரிஜ்ஜுக்கு இந்தப் பக்கமிருந்து கையை மட்டும் நீட்டி ஆட்டினேன். அவள் அந்தக் கைக்கு டாட்டா சொன்னாள். ஒரு பொத்தானை அழுத்தாமல் இருப்பதற்கு நான் என்ன கொடுக்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஆனால் அட்டையில் இருந்த அவள் முகமும் ஊர் ஊராகப் போனதே. கடத்தப்பட்ட குழந்தை என்று எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள். என் முகம் போகட்டும், அது விளைச்சல் முடிந்த நிலம், யாரும் வந்து அளந்துகொள்ளட்டும். அவள் மைனர். மைனர் சொத்தை விற்பதானால், பெற்ற தகப்பனே ஆனாலும் கோர்ட்டு அனுமதி இல்லாமல் நாங்கள் பதிந்ததில்லை. "என் பிள்ளை, எனக்கில்லாத உரிமையா" என்று வந்து சத்தம் போட்டவர்களை எல்லாம் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவள் குளிப்பதும் விழுவதும் அழுவதும் முதல் நாள் பள்ளிக்கூடம் போனதும், அவளைக் கேட்காமல் உலகத்தின் நான்கெல்லைக்கும் பாத்தியப்பட்டாகிவிட்டது. மேஜரான பிறகு அவள் வந்து, இதை யார் எழுதிக்கொடுத்தது என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? யாரும் படிக்கமாட்டார்கள் என்றா? ஆகவே என் ஒரே வேண்டுகோள், குழந்தை படத்தைப் பொது இடத்தில் போடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கோபமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். கோபம்தான்.

உங்களுக்கும் லின்சிக்கும் ஆண்டவர் நல்ல சுகமும், கம்பெனிக்கு நல்ல புத்தியும் அருள்வாராக. ஃபெபிக்கு என் முத்தங்களைக் காகிதத்திலேயே அனுப்புகிறேன். உங்கள் தகப்பனாருக்கும் தாயாருக்கும் என் வணக்கம். அவர்களும் அந்தச் செய்தியைப் பார்த்திருந்தால், சம்பந்தி அப்படிப்பட்டவர் இல்லை என்று எடுத்துச் சொல்லவும்.

இப்படிக்கு,
யாதொரு நிர்ப்பந்தமும் இன்றி எழுதும் மாமனார்,
சூ. அருள்சாமி.

பின்குறிப்பு: அடுத்த மாதம் ஃபெபிக்குப் பிறந்தநாள் அல்லவா. இடம் போய்விடக் கூடாதென்று இப்போதே, மெயின்ரோடு முக்கத்தில், எல்லா பஸ்ஸும் நிற்கிற இடமாகப் பார்த்து, பன்னிரண்டடிக்கு ஒரு ஃபிளக்ஸ் வைத்திருக்கிறேன். குழந்தைக்குத் தலையில் கிரீடம் போட்டு, கையில் செங்கோல் கொடுத்து, பின்னால் சிங்கம் நிற்கிறாற்போல் கடைக்காரர் பிரமாதமாகச் செய்திருக்கிறார். படம் உங்கள் அத்தை ஃபோனிலிருந்து எடுத்ததுதான். பஸ்ஸை விட்டு இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். துரைராசுவே அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். கீழே ஓரத்தில் தாய் தகப்பனுக்கு என்று வட்டமாக இரண்டு இடம் விட்டிருக்கிறது. ஆகவே கோட்டு போட்ட உங்கள் படம் ஒன்று, லின்சி பட்டுச்சேலையில் ஒன்று, நல்ல தெளிவாக, உடனே அத்தை ஃபோனுக்கு அனுப்பவும். வேறு விஷயமாக இருந்தால் சம்மதம் கேட்டிருப்பேன். இது வாழ்த்துத்தானே.